வெள்ளிக்கிழமைக் கோடு

விராஜ்பேட்டை
ஜூலை 19

பாவா,

செய்தி வந்தது மதியம் மூன்று பதினேழுக்கு. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்திருக்க வேண்டியது. எங்கள் ஃபாக்டரியில் பம்ப் சோதனைக் கூடத்துக்குள் போகும்போது போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்து போனைப் போட்டால் திரை முழுக்க மாவியின் பெயர், உன்னைப் பெற்ற அவ்வாவின் பெயர். நான் திரும்பக் கூப்பிட்டபோது எடுத்தது பக்கத்துத் தோட்டத்து பெள்ளியப்பண்ணா. "உத்தி, எங்கடா இருக்கே? நீ வண்டி ஓட்டாதே. யாரையாவது ஓட்டச் சொல்லி வா" என்றார்.

காற்றில் சில்வர் ஓக் மரம் சாய்ந்திருக்கிறது. தோட்டத்து மோட்டார் ஷெட் பக்கம் தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போன இடத்தில். வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். மைசூரிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டி வெள்ளை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். ஊருக்குச் சாவு சொல்லும் இரண்டு வெடியும் போட்டாகிவிட்டது. பெள்ளியப்பண்ணாதான் வாசலில் நின்று சுட்டாராம். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டதாம். நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து போனை அணைப்பதில்லை. குளிக்கப் போனாலும் ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மேலே குளிருக்கு விரல்கள் தாங்குகின்றனவா? உன் அவ்வா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நான் லீவில் இங்கேயே இருக்கிறேன்.

எழுத வந்தது எஸ்டீம் காரைப் பற்றி. ஷெட்டில் பாதி பிரித்த நிலையில் நிற்கிறது. கியர்பாக்ஸ் கீழே இறக்கியிருக்கிறது. பழைய கிளட்ச் பிளேட் சுவரில் தொங்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மண்ணெண்ணெய்த் தட்டில் கிடக்கிறது. நேற்று மாவி ஷெட் வாசலில் வந்து நின்று சொன்னாள்: "ஓடுற வண்டின்னா வீட்டுல இருக்கட்டும். இப்படிப் பொணமாட்டம் கிடக்குறதைத் தெனம் பாக்க என்னால ஆகாது. வயல் பந்தயம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஓடலேன்னா எவனாவது எடுத்துட்டுப் போகட்டும்."

ஜனவரியில் அறுத்த வயலில் நடக்கும் கார் பந்தயத்தைத்தான் சொல்கிறாள். பிரித்ததை நான் பார்க்கவில்லை. நீ லீவில் வந்தபோது கூட இருந்து பார்த்திருப்பாய். அலமாரியில் புது கிளட்ச் இரண்டு விதமாக இருக்கிறது. போட இருந்தது எது?

கையுறை கழற்றாமல் இரு.

உத்தய்யா


56 ஏ.பி.ஓ.
ஆகஸ்ட் 11

உத்தி,

மூச்சு விடுகிறேன், இருமுகிறேன், நடக்கிறேன். இந்த உயரத்தில் அதற்குப் பெயர்தான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க நினைத்தேன். கேள்வியே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

எனக்கு ரேடியோவில் சொன்னார்கள். கீழே இறங்க ஹெலிகாப்டர் கேட்டேன். மேகம் நான்கு நாள் விலகவில்லை. விலகியபோது அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. இங்கே என்னைச் சுற்றி அத்தனை துப்பாக்கி. என் தங்கை தேச்சுவுக்கு இரண்டு வெடி போட எனக்கு அனுமதி இல்லை. ஒரு தோட்டா சத்தம் கேட்டாலும் எதிர்ப்பக்க மலையில் பதில் வரும். பசங்க வரிசையாக நின்று தொப்பியைக் கழற்றினார்கள். காற்றுச் சத்தம்தான் இருந்தது. ஆக நானும் கேட்கவில்லை, உத்தி.

கிளட்ச் விஷயம். இரண்டில் ஒன்றில் பித்தளைக் காசு மாதிரி துண்டுகள் பதித்திருக்கும். அதைத் தொடாதே. சுத்தமான பந்தய வண்டிக்கு ஆனது. சுவிட்ச் போட்ட மாதிரி டக்கென்று பிடிக்கும். தேச்சு அதை ஒரு வாரம் போட்டுப் பார்த்தாள். அவ்வாவைச் சந்தைக்குக் கூட்டிப்போனபோது கூடையிலிருந்த முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. "உத்திக்குக் கல்யாணம் பண்ணிக் குடுத்தா தொல்லை தீரும்னு பாத்தேன், காரையும் சேத்துக் கட்டி வெச்சிருக்கணும்" என்று அவ்வா ஒரு வாரம் திட்டினாள். பிறகுதான் தேச்சு அந்த இன்னொரு செட்டை வரவழைத்தாள். பிளேட் சாதாரணம், மேலே அழுத்தும் ஸ்பிரிங் மட்டும் கடினம். "அவ்வா முட்டையோட உக்காரணும், அடுத்த நாளே நான் வயல்ல சக்கரத்தைச் சுழட்டணும், ரெண்டுக்கும் ஒரே வண்டிதான்" என்பாள். அந்த வண்டியின் சட்டமே அதுதான். அதைப் போடு.

சாப்பிடு. சாப்பிட்டாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

மாச்சய்யா


விராஜ்பேட்டை
செப்டம்பர் 5

பாவா,

மாவி நலம். இங்கே மழை சற்று விட்டிருக்கிறது. உன் இருமல் நின்றதா?

கிளட்ச் ஏற்றியாகிவிட்டது. கியர்பாக்ஸ் போல்ட்களைத் தேடி அலைய வேண்டும் என்று நினைத்தேன். தேவைப்படவில்லை. அட்டைப் பெட்டியை வெட்டி அதில் கியர்பாக்ஸின் உருவத்தைப் பென்சிலால் வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே போல்ட்டைக் குத்தி வைத்திருக்கிறது. நீளமானது, குட்டையானது, வாஷரோடு உள்ளது, எல்லாம் அதனதன் வீட்டில். பதினொரு வருஷமாக நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். எங்கள் ஃபாக்டரியில் இவ்வளவு சுத்தமாக ஒருவரும் பிரித்து நான் பார்த்ததில்லை.

பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு கட்டை வேண்டுமே என்று யோசித்தேன். அதுவும் அலமாரியில் இருந்தது. காப்பிச் செடியின் வேர்க்கட்டையைக் கடைந்து, நுனியைக் கியர்பாக்ஸ் தண்டின் அளவுக்கே இழைத்து, எண்ணெய் ஊற வைத்தது. செருகினேன். ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. கியர்பாக்ஸ் முதல் தள்ளிலேயே உட்கார்ந்தது. ஜாக்கியைப் பிடித்துக்கொண்டிருந்த பெள்ளியப்பண்ணா, "என்னடா, முடிஞ்சிடுச்சா? நான் கெட்ட வார்த்தை எல்லாம் தயாரா வெச்சிருந்தேனே" என்றார்.

கிளட்ச் கேபிளில் மரையின் மேல் சிவப்புப் பெயின்ட் புள்ளி இருக்கிறது. நட்டை அதே இடத்தில் வைத்து இறுக்கினேன். பெடல் பாதி போவதற்கு முன்பே விட்டுவிடுகிறது. எனக்கு முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. ஆனால் அதை மாற்றவில்லை. சீட்டையும் பின்னால் தள்ளவில்லை.

துப்பாக்கிக்குக் காந்தள் வைத்துக் கும்பிடும் கைல்போதுக்கு இந்த வருஷம் நம் வீட்டில் ஒன்றும் இல்லை. துப்பாக்கிகளை மாவி பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. ஆனால் மறுநாள் ஷெட்டுக்குப் போனபோது எஸ்டீமின் ஸ்டியரிங்கில் ஒரு காந்தள் பூ செருகியிருந்தது. நான் கேட்கவில்லை. மாவிதான் வைத்திருக்க வேண்டும்.

இப்போது பொறி விழும் நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் காதில் உளியால் மூன்று கோடுகள். என்ஜின் தலையில் ஒரு கோடு. எந்தக் கோட்டை எதோடு சேர்ப்பது? புத்தகத்தில் ஒரே கோணம்தான் இருக்கிறது. மூன்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தெரிந்தால் எழுது.

போர்வை இன்னொன்று அனுப்பச் சொன்னாள் மாவி. பார்சல் போட்டிருக்கிறேன்.

உத்தய்யா


56 ஏ.பி.ஓ.
செப்டம்பர் 28

உத்தி,

போர்வை வந்தது. அவ்வா நடுவில் காப்பித்தூளை மறைத்து வைத்திருந்தாள். பசங்க அதன் வாசனைக்கே வரிசையில் நின்றார்கள். இருமல் போய்விட்டது.

சாப்பிட்டாயா என்று கேட்டேன். இருமலைப் பற்றி எழுதினாய்.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாய். போல்ட் இருக்கிறது, வாஷர் இருக்கிறது, கட்டை இருக்கிறது. "வரைந்து வைத்திருக்கிறது", "கடைந்து வைத்தது". யார் வரைந்தது, யார் கடைந்தது? என் தங்கை பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. குறை சொல்லவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

கோடுகள். வலது ஓரத்தில் இருப்பது பந்தயத்துக்கு. பெங்களூரிலிருந்து கேனில் நல்ல பெட்ரோல் வந்தால் மட்டும் அங்கே வைப்பாள். பொறி அதிகபட்சம் முந்தி விழும் இடம் அது. நடுக்கோடு ரோட்டுக்கு, நம் ஊர் பங்க் பெட்ரோலுக்கு. நம் மலை உயரத்தில் காற்று கொஞ்சம் லேசு, அதனால் புத்தகம் சொல்வதைவிட முந்தி வைக்கலாம் என்பது அவள் கணக்கு. கணக்கோடு விடமாட்டாள். கல்லுபாலத்திலிருந்து மேலே போகும் ஏற்றம் இருக்கிறதே, அதில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்து ஏறுவாள். ஜன்னல் இறங்கியிருக்கும், தலை வெளியே இருக்கும். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டின மாதிரி சத்தம் வரும் வரைக்கும் முந்தி வைத்துக்கொண்டே போவாள். வந்ததும் நகத்தின் அளவு பின்னால் இழுப்பாள். இறுக்கிவிட்டு டைமிங் லைட் பிடித்துப் பார்த்துக் கோடு போடுவாள். அந்த ஏற்றத்தில் இருக்கும் வீட்டுக்காரர்கள், "தேச்சம்மா இன்னிக்கு அஞ்சு தடவை ஏறிட்டா, பந்தயம் பக்கத்துல வந்தாச்சு" என்று நாள் பார்ப்பார்கள்.

இடது ஓரத்தில் பிந்தி இருக்கும் மூன்றாவது கோடு எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். ஓட்டிப் பார். வண்டியே சொல்லும்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதினால் கேட்கமாட்டாய். அவ்வாவைப் பார்த்துக்கொள். அந்தச் சாக்கிலாவது நேரத்துக்குச் சோறு வரும்.

மாச்சய்யா


56 ஏ.பி.ஓ.
அக்டோபர் 24

உத்தி,

இங்கே சுகம். பனி தொடங்கிவிட்டது. இந்த மாதம் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பெயரைப் பற்றி எழுதியது தப்பாகிவிட்டதோ என்று நினைக்கிறேன். சாட்டிலைட் போனில் அவ்வாவிடம் இரண்டு நிமிஷம் பேசினேன். "அவன் ஷெட்டுல இருக்கான், கூப்பிடவா?" என்றாள். வேண்டாம் என்றேன். பின்னால் எட்டு பேர் காத்திருந்தார்கள்.

ஒரு வரி போதும். நலமா?

மாச்சய்யா


விராஜ்பேட்டை
நவம்பர் 5

பாவா,

நலம். உன் இரண்டு கடிதமும் வந்தன. முதலாவதை மேஜையில் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வந்து பார்ப்பேன். பதில் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. அதை எழுதாமல் வேறு எதையும் எழுத முடியாது.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்டினேன். நடுக்கோட்டைச் சேர்த்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். நான்கு மாதம் கிடந்த வண்டி, கார்புரேட்டர் வறண்டிருந்தது, பிடிக்கவில்லை. என்ஜினியர் மூளை சும்மா இருக்குமா? பொறி இன்னும் முந்தட்டும் என்று திருப்பினேன். திருப்பியது எதிர்த் திசை. முந்துவதற்குப் பதில் மிகவும் பிந்திவிட்டது. அது தெரியாமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை அடித்தேன். எரியாத பெட்ரோல் எல்லாம் சைலன்சரில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த சைலன்சரின் உள்ளே ஒன்றுமே கிடையாது, உனக்குத் தெரியும், வெறும் குழாய். ஒரு வெடி. இரண்டு மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. ஷெட்டின் கூரையிலிருந்து புறா எல்லாம் எழுந்து போயின.

பிறகு அமைதி. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் போய் எதிரொலி திரும்பி வந்தது.

நான் டைமிங் லைட்டோடு குனிந்து நின்றேன். அரை மணி நேரம் இருக்கும். வயல் வரப்பில் ஆட்கள் வருவது தெரிந்தது. எல்லோரும் வெள்ளை. பெள்ளியப்பண்ணா முன்னால், அவர் பின்னால் காவேரக்கா, கீழ் வீட்டு மொண்ணப்பாவும் அவன் பெண்டாட்டியும், அப்புறம் எனக்குப் பெயர் தெரியாதவர்கள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்திருந்தார்கள்.

மாவி அடுக்களையிலிருந்து சல்லடையோடு வெளியே வந்தாள்.

"யாருக்குடி வந்திருக்கீங்க?"

காவேரக்கா அப்படியே நின்றுவிட்டாள். "உனக்குத்தான்!"

"எனக்கா? நான் மாவு சலிச்சுட்டு இருக்கேன்."

"ரெண்டு வெடி கேட்டுதே, சீதவ்வா!"

எல்லோரும் ஷெட்டைப் பார்த்தார்கள். சைலன்சரிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. என் மூஞ்சி முழுக்கக் கரி. பெள்ளியப்பண்ணா கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "டேய் மாப்பிள்ளே, ஒண்ணோட நிறுத்தியிருந்தா ஆம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு சிரிச்சுட்டே வந்திருப்போம். ரெண்டாவதை எதுக்குடா போட்டே? அவசரத்துல என் பேரனோட வேட்டியைக் கட்டிட்டு வந்திருக்கேன்!"

"வந்தது வந்தீங்க, உக்காருங்க" என்றாள் மாவி. "நான் நெஜமா போறப்ப எத்தனை பேர் வருவீங்கன்னு இப்பவே தெரிஞ்சுபோச்சு. மொண்ணப்பா, உன் அண்ணன் ஏன் வரல? எழுதி வெச்சுக்கறேன்." காப்பி போட்டாள். அரிசி நொய்யில் கடம்புட்டு உருண்டை வேக வைத்தாள். பன்றிக்கறி இருந்தது. வெள்ளை உடுத்திக்கொண்டு எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். காவேரக்கா சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதாள். மாவி அவள் தட்டில் இன்னொரு உருண்டையை வைத்தாள்.

நான் போய்ச் சாப்பிடவில்லை. எஸ்டீமுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பாவா, இரண்டு வெடியை நான் கேட்டேன். ஜூலையில் எனக்கு எல்லோரும் சொன்னார்கள், டாக்டர் சொன்னார், காகிதம் கொடுத்தார்கள், சாம்பல் கொடுத்தார்கள். எதுவும் காதில் ஏறவில்லை. இது ஏறியது. வெள்ளை உடுத்தி வரப்பில் ஆட்கள் வந்தார்கள், நான் வீட்டில் இருந்தேன், பார்த்தேன்.

தேச்சு போய்விட்டாள்.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வந்து கூப்பிடவில்லை. இருட்டினதும் பெள்ளியப்பண்ணா மட்டும் கண்ணாடியைத் தட்டி, ஒரு தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பிட்டேன். நீ கேட்டாயே, அதனால் எழுதுகிறேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

பனியில் பார்த்து நட.

உத்தய்யா


56 ஏ.பி.ஓ.
நவம்பர் 16

உத்தி,

உன் கடிதத்தைப் பங்கருக்குள் பசங்களுக்கு வாய்விட்டுப் படித்தேன். ஒருவன் பஞ்சாபி, ஒருவன் நாகா, ஒருவன் ஒடியா. அவ்வா சல்லடையோடு வெளியே வந்த இடத்தில் பங்கர் குலுங்கியது. அதற்கப்புறம் என்னால் படிக்க முடியவில்லை. நாகாப் பையன் வாங்கிப் படித்தான்.

நீ கேட்ட இரண்டு வெடியை நானும் கேட்டுவிட்டேன்.

இனி வண்டியை ஓட்டு. கல்லுபாலம் ஏற்றத்துக்குக் கொண்டு போ.

மாச்சய்யா


விராஜ்பேட்டை
டிசம்பர் 9

பாவா,

மாவிக்கு முழங்கால் வலி கொஞ்சம் உண்டு, மற்றபடி நலம். அறுவடைப் பண்டிகை புத்தரிக்குக் கதிர் எடுத்தோம், விளக்கு மட்டும் வைத்தோம். உனக்கு எப்படி? நாகாப் பையனுக்கு என் வணக்கம் சொல்.

வண்டி ஓடுகிறது. பொறியைச் சரியான திசையில் திருப்பினேன், பெட்ரோல் புதிதாக ஊற்றினேன், இரண்டாவது அடியில் பிடித்துக்கொண்டது. நடுக்கோட்டில் இறுக்கினேன். பிறகு கிளட்ச் சோதனை. கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டுப் பெடலை விட்டேன். வழுக்கியிருந்தால் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். சட்டென்று அணைந்தது. என்ஜின் அணைந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வெளியே எடுத்தபோது மாவி பையோடு வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். "சந்தைக்குத்தானே?" என்றாள். இல்லை என்று சொல்ல முடியுமா? கல்லுபாலம் தாண்டி ஏற்றத்தில் போனோம். ஜன்னலை இறக்கித் தலையை வெளியே வைத்தேன். கூழாங்கல் சத்தம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மேலே போய் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் திருப்பி, இறங்கி வந்து மறுபடி ஏறினேன். குறைந்தது, நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம். கடைசியில் சத்தமே இல்லாத இடத்துக்கு வந்ததும் இறங்கிப் பார்த்தேன். மூன்றாவது கோடு. நேராக அதன் மேலேயே.

அப்படியென்றால் நடுக்கோடு தப்பா? தேச்சு அப்படித் தப்புப் போடுபவள் இல்லை. டைமிங் லைட், பெட்ரோல், பிளக் எல்லாவற்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மாவி மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எத்தனை தடவைடா ஏறுவே? ஒவ்வொரு தடவையும் வண்டி முக்குது. கியரைக் குறை. அவ இங்கே மூணுலதான் போவா, நீ நாலைப் போட்டுட்டு உக்காந்திருக்கே."

கியர்க் கம்பியைப் பார்த்தேன். நாலில் இருந்தது.

நடுக்கோட்டுக்குத் திரும்ப வைத்து மூன்றாவதில் ஏறினேன். ஒரு சத்தம் இல்லை, பாவா. வண்டி ஏற்றத்தை உறிஞ்சிக் குடித்த மாதிரி போனது. மாவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ம், இதான்" என்றாள். மேலே போனதும் அவளே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா ஸ்பானரை எடுத்துட்டு ஷெட்டுக்குப் போவா. 'எங்கடி போறே'ன்னா, 'உத்தி வர்றாரு அவ்வா, அவரு நாலுலயே மலை ஏறுவாரு, என்ஜின் பாவம்'பா. திங்கக்கிழமை நீ பஸ் ஏறினதும் மறுபடி போவா."

மூன்று வருஷம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். "ஊரே பேசுற வண்டி இதுதானா? மாட்டு வண்டி மாதிரி இருக்கு" என்று கேலி செய்திருக்கிறேன். "ஆமா, இவ்வளவுதான். நீங்கதான் பெரிய என்ஜினியர், சரி பண்ணுங்க" என்பாள். ஒரு தடவைகூடக் கியரைக் குறை என்று சொன்னதில்லை. என்னை மாற்றுவதைவிட என்ஜினைத் திருப்புவது சுலபம் என்று நினைத்தாளோ என்னவோ. கேட்க ஆள் இல்லை. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தால் நினைத்து நினைத்துப் போட்டது தெரிகிறது. மற்ற இரண்டைவிட ஆழமாக வெட்டியிருக்கிறாள். அதிகம் பயன்பட்டதால் மழுங்கி, திரும்ப வெட்டியிருக்கிறாள்.

சந்தையில் மாவி முட்டை வாங்கினாள். ஒன்றும் உடையவில்லை.

உத்தய்யா


56 ஏ.பி.ஓ.
டிசம்பர் 27

உத்தி,

சுகம். இன்னும் சில நாளில் எங்களைக் கீழே மாற்றுகிறார்கள். அங்கே சிக்னல் இருக்கும்.

வண்டி சொல்லும் என்றேன். அவ்வாவும் சேர்ந்து சொன்னாள் போலிருக்கிறது. தேச்சு என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "சொல்லாதே அண்ணா, தெரிஞ்சா கூச்சப்படுவாரு, அப்புறம் வண்டியையே தொடமாட்டாரு." "ஏண்டி, நாலு வார்த்தை சொன்னா கத்துக்குவானே?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "வாரம் முழுக்க அந்த ஃபாக்டரில எல்லாரும் அவருக்குச் சொல்லிட்டுத்தான் இருக்காங்க. இங்கே வந்து ரெண்டு நாள் இஷ்டப்படி ஓட்டட்டும்" என்றாள். அவள் பந்தயத்தில் ஜெயித்ததை எல்லாம் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அவளைப் பற்றி ரொம்பப் பெருமையான விஷயம் அந்த மூன்றாவது கோடுதான். ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பந்தயத்தில் யார் ஓட்டுவது? மொண்ணப்பா கேட்டான் என்று அவ்வா சொன்னாள். உன் இஷ்டம். ஓடினால் போதும், ஓடிவிட்டது. ஆனால் அன்றைக்குக் காலை பத்து மணிக்கு நான் போன் பண்ணுவேன். ஆறு மாதமாக உன் குரலைக் கேட்கவில்லை. எடு.

மாச்சய்யா


வயல்வெளியில்
ஜனவரி 18

பாவா,

உடம்பு நலம். மாவியும் நலம், பந்தலில் பெள்ளியப்பண்ணாவோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எஸ்டீமில்தான் வந்தாள். ஷெட்டிலிருந்து எடுக்கும்போது, "இது வீட்டுலயே இருக்கட்டும். பந்தயத்துல தோத்துட்டு வந்தாலும் சரி" என்றாள். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

இதை பானெட் மேல் வைத்து எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். வரப்பை எல்லாம் வெட்டிச் சமமாக்கியிருக்கிறார்கள். அறுத்த தாள் காலில் குத்துகிறது. எனக்கு முன்னால் நான்கு வண்டி. மொண்ணப்பா கேட்டது உண்மைதான். "நீ ஓட்டினா மாவிக்கு மூணு வேளைச் சோறு கட்டிக் குடுக்கணும், அவ்வளவு நேரம் ஆகும்" என்றான். நானே ஓட்டுகிறேன் என்றேன். பந்தலில் இப்போது பந்தயம் நான் ஜெயிப்பேனா என்று அல்ல, இருட்டுவதற்குள் முடிப்பேனா என்றுதான்.

நேற்று சீட்டைப் பின்னால் தள்ளினேன். கிளட்ச் கேபிளின் நட்டை என் காலுக்கு ஏற்றபடி தளர்த்தினேன். சிவப்புப் புள்ளி இப்போது நட்டை விட்டுத் தனியே நிற்கிறது. பார்க்க முதலில் என்னவோ போல இருந்தது. பிறகு சரியாகிவிட்டது. அவள் காலுக்கு வைத்ததில் நான் ஓட்டினால் கிளம்பும் இடத்திலேயே அணைந்துவிடும். அதைப் பார்த்தால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கட்டும், ஆனால் கிளம்ப வேண்டும்.

ஆனால் டைமிங்கை என் கோட்டில் வைக்கவில்லை. பெங்களூரிலிருந்து கேன் வந்தது. காலையில் இங்கே வந்து, ஸ்பானரை எடுத்து, வலது ஓரத்துக் கோட்டைச் சேர்த்து இறுக்கினேன். இந்த ஒரு மாதமாக மாவியை வைத்துக்கொண்டு கல்லுபாலம் ஏற்றத்தை மூன்றாவதில் ஏறிப் பழகியிருக்கிறேன். வீட்டுக்காரர்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக் கோடு அங்கேயே இருக்கட்டும். அது எனக்கு இனி தேவைப்படாது. அழிக்கவும் மாட்டேன்.

கொடி அசைக்கிறார்கள். இன்னும் இரண்டு வண்டி. மணி பத்தாகப் போகிறது, நீ கூப்பிடுவாய். சீட்டில் உட்காருவதற்கு முன்னால் தேச்சு எப்போதும் ஒன்று செய்வாள், உனக்கு ஞாபகம் இருக்கும். அவ்வாவின் மடியில் போனைப் போட்டுவிட்டு, "யார் கூப்பிட்டாலும் ஓடி முடிச்சுட்டுப் பேசறேன்" என்பாள். கோபித்துக்கொள்ளாதே. மதியம் நானே கூப்பிடுகிறேன்.

கடிதத்தையும் மாவியிடம் கொடுத்துவிட்டு ஏறுகிறேன்.

போனை அணைத்துவிட்டேன்.

உத்தி